கம்பளி உடைகளை அடுத்த குளிர்காலம் வரை பூச்சி அரிக்காமல் எப்படி வைப்பது?

அந்துருண்டை போட்டுத்தான் மடித்து வைத்தேன், எடுத்துப் பார்த்தால் ஸ்வெட்டரில் ஓட்டை, எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பு பெரும்பாலும் உருண்டையில் இல்லை, அதற்கு முந்தைய வேலையில்தான். பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன்.

‘ரெண்டு தடவைதானே போட்டோம், அழுக்கே இல்லையே’ என்று துவைக்காமல் மடித்து வைத்த நீல ஸ்வெட்டர் எனக்கும் உண்டு. ஏழெட்டு மாதம் கழித்துப் பிரித்தால் கழுத்துப் பட்டையிலும் அக்குளிலும் ஓட்டைகள். முன்பக்கம், எப்போதோ தேநீர் சிந்திய இடத்தில் மட்டும் தனியாக ஒன்று. மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி. மடிப்புக்குள் நீல நிறத்தில் மணல் மணலாக ஏதோ ஒட்டியிருந்தது. சாயம் உதிர்கிறது என்று நினைத்தேன். பார்த்தால் அது புழுவின் எச்சம்! தின்ற நூலின் நிறத்திலேயே இருக்குமாம்.

ஓட்டை போடுவது பறக்கிற அந்துப்பூச்சி இல்லை. வளர்ந்த பூச்சிக்குச் சாப்பிடுவதற்கு வாயே கிடையாது என்று சொல்லலாம். துணியில் முட்டை வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. தின்பது முட்டையிலிருந்து வரும் புழு. கம்பளியில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைச் செரிக்கத் தெரிந்த அபூர்வப் பிராணி அது. ஆனால் வெறும் கம்பளி மட்டும் அதற்குச் சத்துள்ள சாப்பாடு இல்லை. வியர்வை, உடம்பு எண்ணெய், சிந்திய சாப்பாட்டுக் கறை இவையெல்லாம் சேர்ந்தால்தான் செழிப்பாக வளரும். என் ஸ்வெட்டரில் கழுத்தும் அக்குளும் போனது அதனால்தான்.

எனவே ஒரே ஒரு முறை போட்டிருந்தாலும் துவைத்துவிட்டுத்தான் உள்ளே வையுங்கள். கறை போக்க நொதி (என்சைம்) சேர்த்த சலவைத்தூள் வேண்டாம். கம்பளியும் புரதம்தான், நொதி அதையும் பதம் பார்த்துவிடும். கம்பளிக்கென்றே விற்கும் மென்மையான திரவம் போதும். குளிர்ந்த தண்ணீரில் அமுக்கி எடுங்கள், தேய்க்காதீர்கள், முறுக்காதீர்கள். ஒரு துண்டில் வைத்துச் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுப் படுக்கைவாட்டில் காயப்போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் கை இரண்டும் முழங்கால் வரை நீண்டுவிடும்.

நன்றாகக் காய்ந்ததா என்பதில் அவசரப்படாதீர்கள். தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமே தெரியாதபடி நடிக்கும் துணி கம்பளி. தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் நான் இன்னொரு நாள் விட்டுவைக்கிறேன்.

இனி அந்துருண்டைக்கு வருவோம். அதில் இருக்கும் நாப்தலின் என்ற ரசாயனம் ஆவியாகி, அந்த ஆவி அடர்த்தியாகச் சேர்ந்தால்தான் புழு சாகும். இறுக்கி மூடிய பெட்டிக்குள் அது நடக்கும். தினமும் திறந்து மூடும் அலமாரியில் போட்டால் பூச்சிக்குப் போகவேண்டியது நம் மூக்குக்குத்தான் வரும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். ரத்த சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, உருண்டையோடு வைத்திருந்த துணியைப் போர்த்தியதாலேயே அந்தச் சிவப்பணுக்கள் சிதைந்த சம்பவங்கள் உண்டு. நான் அதை விட்டுப் பல வருஷமாகிறது. தேவதாரு மரத்துண்டு வாசனைக்கு நல்லது, அதற்கு மேல் நம்ப மாட்டேன்.

ஏற்கெனவே பூச்சி இருக்குமோ என்று சந்தேகமா? துணியைக் காற்றை வெளியேற்றிய ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில், குறைந்தது மூன்று நாள் வையுங்கள். நான் ஒரு வாரம் விடுவேன். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு இதற்கு உதவாது. வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். அறைச்சூட்டுக்கு வரும் வரை அப்படியே இருக்கட்டும், இல்லையென்றால் துணிமேலேயே நீர் கோத்துக்கொள்ளும்.

அப்புறம், பின்னலாடைகளைத் தொங்கவிடாமல் மடித்து, இறுக மூடும் பெட்டியில் கனமானதை அடியில் வைத்து அடுக்குங்கள். கோட்டு மட்டும் தொங்கலாம். பெட்டி இருக்கும் அலமாரியின் மூலைகளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிடுங்கள், அங்கே சேரும் முடியும் தூசியும் புழுவுக்குப் போதும். இடையில் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து உதறி, கழுத்துப் பட்டையின் உள்பக்கத்தையும் தையல் மடிப்புகளையும் பிரஷால் தேய்த்துவிடுங்கள். அந்தப் புழுவுக்கு இருட்டும் அமைதியும்தான் பிடிக்கும். என் நீல ஸ்வெட்டர் எட்டு மாதம் ஆள் தொடாமல் கிடந்ததும் அதற்கு வசதியாகப் போயிற்று.