சொன்னால் செய்வார், ஆனாலும் களைப்பு

வணக்கம் அம்மா,

எனக்கு வயது 41, வேலைக்குப் போகிறேன். கணவர் நல்லவர், சொன்னால் எதையும் செய்வார். ஆனாலும் மாலையில் யாராவது 'அம்மா' என்று கூப்பிட்டாலே எரிச்சல் வருகிறது. யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு வாரம் எங்காவது இருந்தால் போதும் என்று தோன்றுகிறது. இது சுயநலமா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சுயநலமே இல்லை. 'சொன்னால்' என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் களைப்பு அதில்தான் இருக்கிறது.

மாமியாருக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்குவதையே உதாரணமாகப் பாருங்கள். அட்டையில் நான்குதான் மிச்சம் என்று கவனிப்பது ஒரு வேலை. சீட்டு பழசாகிவிட்டதா, டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்று யோசிப்பதும், வாங்கிய பிறகு ஒழுங்காகப் போடுகிறாரா என்று பார்ப்பதும் வேலைதான். ஆனால் கடைக்குப் போய்வந்தது மட்டுமே கணக்கில் வருகிறது. 35 தம்பதிகளிடம் பேசி 2019-இல் ஆய்வு வெளியிட்ட சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் இதை நான்காகப் பிரித்தார்: முன்கூட்டியே உணர்வது, வழி தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்க இருவரும் உட்கார்ந்தார்கள். முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தன.

அதனால் வேலையை அல்ல, பொறுப்பையே முழுசாகக் கணவரிடம் கைமாற்றுங்கள். ஒரே ஒரு விஷயம் போதும். தவறினாலும் ஆபத்தில்லாததாக இருக்கட்டும்: பில் கட்டுவது, பிள்ளையின் பள்ளித் தகவல்கள் போல. மாத்திரை பிறகு. அரைமணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒருமுறை சொல்லிவிட்டு, ஒரு மாதம் வாய் திறக்காதீர்கள். மூன்றாம் நாள் 'கட்டியாச்சா?' என்று கேட்டுவிடுவதில்தான் பெரும்பாலும் கெடுகிறது. கேட்ட நொடியில் கண்காணிப்பு உங்களிடமே திரும்பிவிடும். ஒருமுறை அபராதம் விழுந்தால் விழட்டும், ஓடிப்போய் நீங்கள் கட்டாதீர்கள்.

இதோடு கூடவே, தள்ளிப்போடாமல் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்புச்சத்தின் அளவு), டிஎஸ்எச் (தைராய்டுக்கான பரிசோதனை). ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தாலும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால் உடம்பு அசந்துபோகலாம். தைராய்டு குறைவும் மனச்சோர்வு போலவே இருக்கும். இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று ஒருமுறை தோன்றினாலும் அன்றே போக வேண்டும்.

அந்த ஒரு வாரம் இப்போதைக்குக் கிடைக்காவிட்டால், வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம் வெளியே போய்வாருங்கள். எது எங்கே இருக்கிறது என்று குறிப்பு எழுதி வைக்காமல் போங்கள், தேடி எடுத்துக்கொள்வார்கள்.