பலவகைக் கோழிகளை ஒரே கொல்லையில் வளர்க்க முடியுமா?

கேள்வி: சிறுவயதில் பாட்டி வீட்டுக் கொல்லையில் கழுத்தறுத்தான், குட்டைக்கால், கொண்டைக்கோழி என்று விதவிதமாக மேய்ந்தவை இன்னும் கண்ணில் நிற்கின்றன. பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருக்கும் எனக்கு இருபதுக்குப் பதினைந்து அடிக் கொல்லை இருக்கிறது. சிறிய நாட்டுக்கோழியான சிறுவிடை, பெருவிடை, கருங்கோழியான கடக்நாத், பஞ்சு இறகுள்ள சில்கி நான்கையும் சேர்த்து வளர்க்கலாமா?

பதில்: மூன்றைச் சேர்த்து வளர்க்கலாம், பெருவிடையை விட்டுவிடுங்கள். அது சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்ட இனம். சேவல்கள் மட்டுமல்ல, பெட்டைகளும் தம்மைவிடச் சிறிய கோழிகளைத் தீவனத் தட்டின் பக்கம் அண்டவிடாமல் கொத்தும். அதற்குத் தனிக் கொல்லை வேண்டும். உங்களுடைய 300 சதுர அடியில் முப்பது கோழிகள் அடங்கும் என்று சிலர் கணக்குச் சொல்லக்கூடும் என்றாலும், பன்னிரண்டைத் தாண்டினால் தரையில் ஒரு புல்கூட மிஞ்சாது என்பது என் அனுபவம்.

மற்ற மூன்று இனங்களையும் வளர்ந்த கோழிகளாகச் சந்தையில் வாங்கிவந்து ஒன்றாக விடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. நானும் அதைச் செய்து, ஒரே வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் என்னும் தொற்றுநோய்க்குப் பாதிக் கோழிகளைப் பறிகொடுத்திருக்கிறேன். சிறுவிடையை மட்டும் கோழியாக வாங்குங்கள். கடக்நாத்தையும் சில்கியையும் முட்டையாக வாங்குங்கள். ஏற்கெனவே ஒருமுறையாவது அடைகாத்துக் குஞ்சு வளர்த்த சிறுவிடைப் பெட்டைகள் இரண்டு போதும். பன்னிரண்டு, பதினைந்து முட்டைகள் இட்டதும் அவை தாமாகவே அடைக்கு உட்கார்ந்துவிடும். கடக்நாத் பெட்டை நன்றாக முட்டையிடுமே தவிர, அடைகாப்பதில் அதை நம்ப முடியாது. சில்கி அடைகாப்பதில் கெட்டி என்றாலும், காகத்தையும் பருந்தையும் கண்டு இறக்கையை விரித்துச் சீறும் துணிவு சிறுவிடைக்கே உண்டு. ஒரே தாயின் பின்னால் வளர்ந்த குஞ்சுகள் தங்களுக்குள் யார் முந்தி, யார் பிந்தி என்பதைச் சிறுவயதிலேயே தீர்த்துக்கொள்வதால், பின்னாளில் பெரிய கொத்தல் இருக்காது.

முட்டைகள் ஏழு நாளைக்கு மேல் பழையவையாக இருக்கக் கூடாது. நோயற்ற மந்தையிலிருந்து வந்தவையாகவும் இருக்க வேண்டும், ஏனெனில் முட்டை வழியாகவே பரவும் நோய்களும் உண்டு. கடக்நாத் முட்டை கறுப்பாக இருக்கும் என்று சொல்லி விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். தோலும் சதையும் எலும்பும் கறுத்திருந்தாலும் அதன் முட்டை வெளிர்பழுப்புதான். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த அந்த இனத்தின் இறைச்சி 2018-இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு, கறுப்பு இறகு உள்ள எந்தக் கோழியையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள்.

வாங்கிய முட்டைகளைச் சிறுவிடையின் அடியில் அடைக்கு வைப்பதை இரவில் செய்யுங்கள். ஒரு பெட்டைக்குப் பத்து முட்டைகளுக்கு மேல் வேண்டாம். என் அப்பத்தா மணல் பரப்பிய கூடையில் முட்டைகளை அடுக்கி, இடிக்குக் காவலாக ஓர் அடுப்புக்கரியையும் காய்ந்த மிளகாயையும் ஓரத்தில் வைப்பார். அதனால் பலன் உண்டோ இல்லையோ, எங்கள் வீட்டில் கூமுட்டை குறைவு. ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, இரத்த நரம்பு ஓடாத முட்டைகளை எடுத்துவிடலாம். கோழிக்குஞ்சு 21 நாளில் வெளிவரும். ஆசைப்பட்டு வாத்து முட்டையையும் சேர்த்து வைத்துவிடாதீர்கள். அதற்கு 28 நாள் ஆகும், முதலில் பொரித்த குஞ்சுகளோடு தாய் எழுந்து போய்விடும்.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணில் வெள்ளைக்கழிச்சலைத் தடுக்கும் லசோட்டா சொட்டு மருந்தும், எட்டு வாரத்திற்குப் பிறகு இறக்கையில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியும் தவறக் கூடாது. அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சில்கியின் இறகு பஞ்சுபோல இருப்பதால் மழைநீர் அதில் வழிந்தோடாமல் ஊறிவிடும். அதற்குப் பறக்கவும் வராது. ஆகவே கூண்டின் கூரை ஒழுகாமலும், படுக்கும் கழி ஓர் அடி உயரத்துக்கு மிகாமலும் இருக்கட்டும்.

பொரித்தவற்றில் ஏறக்குறையப் பாதி சேவலாக இருக்கும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும் என்பதால், மிஞ்சியவற்றை என்ன செய்வது என்பதை வீட்டாரோடு இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். பேரப்பிள்ளைகள் பெயர் வைத்துவிட்ட பிறகு அந்தப் பேச்சை எடுக்க முடியாது. இனக்கலப்பில்லாத கடக்நாத் குஞ்சு வேண்டுமென்றால், கடக்நாத் பெட்டையையும் சேவலையும் தனியே அடைத்து, நான்கு வாரம் கழித்து இடும் முட்டைகளை மட்டும் அடைக்கு எடுங்கள். முன்பு சேர்ந்த சேவலின் விந்து இரண்டு, மூன்று வாரம் வரை பெட்டையின் உடலில் உயிரோடு இருக்கும். அந்த இடைவெளியில் இடும் முட்டைகள் சமையலுக்கு ஆகட்டும்.