“ஓம், ஸ்டெபிலைசர் இருக்கு” என்று சொல்லி விற்ற லென்ஸ்

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கலியாண வீடு, கோயில் திருவிழா என்று படம் எடுப்பவர். இரண்டு மாதத்துக்கு முன் கொழும்புக் கடையொன்றில் தன் சோனி ஏ6400 கமராவுக்கு டாம்ரான் 28-200 மி.மீ. சூப்பர்சூம் லென்ஸ் வாங்கினார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் திருவிழாவன்று இரவு 200இல் எடுத்த படங்கள் எல்லாம் கலங்கிப்போயின. “பெட்டியில் துவார அளவு 2.8 என்று இருக்கிறது, சூமை முழுதாக இழுத்தால் 5.6 ஆகி வெளிச்சம் குறைகிறது. கை நடுக்கத்தைச் சமன் செய்யும் ஸ்டெபிலைசர் உண்டா என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன், ஓம் என்றார்கள். இப்போது, விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று பில்லைக் காட்டுகிறார்கள். காசு திரும்பக் கிடைக்குமா?”

தம்பி, 2.8 கதையை விட்டுவிடுங்கள். லென்ஸிலேயே 2.8-5.6 என்று எழுதியிருக்கிறது. அது அதன் இயல்பு, பழுதல்ல. முறைப்பாட்டில் அதைச் சேர்த்தால் கடைக்காரர் அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தப்பிவிடுவார்.

ஸ்டெபிலைசர் விடயம் வேறு. அந்த லென்ஸில் அது கிடையாது. உங்கள் கமராவின் உள்ளேயும் இல்லை. அதன் சிறிய சென்சரில் 200 என்பது 300 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும், கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெருத்துத் தெரியும். நீங்கள் அனுப்பிய படத்தில் விளக்குச் சுடர் கோடாக இழுபட்டுக் கிடக்கிறது. கேட்டு, உறுதி வாங்கி, அதை நம்பித்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடுக்கிறது. 31ஆம் பிரிவு பொய்யான கூற்றுகளைப் பற்றியது. பில்லில் அச்சடித்த ஒரு வரியைக் காட்டி இதிலிருந்து நழுவ முடியாது என்பதே என் கருத்து.

ஆனால் நாள் ஓடுகிறது. 13ஆம் பிரிவின் கீழ், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். திருவிழாவிலிருந்து அல்ல, பில்லில் உள்ள திகதியிலிருந்து எண்ணுங்கள். விசாரித்தபின் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் என்று உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு.

வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். கடையின் இலக்கமும் திகதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சிடுங்கள், போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணு வடிவில் இருப்பது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்தியைத் தள்ளிவிட முடியாது என்று 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுப் பரிமாற்றச் சட்டம் சொல்கிறது. முறைப்பாட்டோடு படங்களையும் பார்த்துச் சேர்த்துக் கொடுங்கள். ஆடுபவர்கள் கலங்கியிருக்கும் படம் வேண்டாம், ஆள் அசைந்தால் எந்த ஸ்டெபிலைசரும் காப்பாற்றாது. கோபுரமும் தூணும் கலங்கிய படங்களைக் கொடுங்கள்.

முதலில் கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள், 7 நாள் தவணை போதும். பதில் வராவிட்டால் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள அதிகாரசபை அதிகாரிகளிடம் முறைப்பாட்டைக் கொடுங்கள், வழி தெரியாவிட்டால் 1977க்கு அழைத்துக் கேளுங்கள். அப்புறம், உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.