76 வயசுல மார்பக கேன்சர்: ஆபரேஷன் வேணுமா, மாத்திரை போதுமா?

ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "அம்மாவுக்கு 76 வயசு, சுகர், பிபி ரெண்டும் மாத்திரையில கன்ட்ரோல்ல இருக்கு. மார்புல 2 செ.மீ. கட்டி, பயாப்ஸியில கேன்சர், ஈஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ். அக்குள்ல நெறி கட்டல. சொந்தக்காரங்க எல்லாம் இந்த வயசுல எதுக்கு கத்தி வைக்கணும், மாத்திரை போதும்னு சொல்றாங்க, என்ன பண்றது?"

முதல்ல, நீங்க அனுப்பினதை வச்சுப் பார்த்தா பயப்படற மாதிரி ரிப்போர்ட் இல்லைங்க. ஈஆர் பாசிட்டிவ்னா அந்த கட்டி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை வச்சு வளருது, ஹார்மோனை அடக்கினா கட்டியும் அடங்கும். ஹெர்2 நெகட்டிவ்னா, கட்டியை வேகமா வளர வைக்கிற ஹெர்2ங்கிற புரதம் அதுல அதிகமா இல்லைனு அர்த்தம். வயசானவங்களுக்கு வர்றதுல பெரும்பாலும் இந்த வகைதான்.

ஹார்மோனை அடக்கற மாத்திரை மட்டும் போதுமானு 70 வயசு தாண்டினவங்ககிட்ட ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ஆபரேஷன் பண்ணினவங்களோட ஒப்பிட்டா மொத்த ஆயுசுல பெரிய வித்தியாசம் தெரியல, ஆனா மார்புல இருக்கிற கட்டி சில வருஷம் அடங்கியிருந்துட்டு பலருக்கு திரும்ப வளர ஆரம்பிச்சிடுது. அப்போ அம்மாவுக்கு 80 ஆயிடும், ஆபரேஷன் இப்ப இருக்கறதைவிட கஷ்டம். அப்படியே விட்டு தோல் உடைஞ்சு புண்ணாயிட்டா வாடை, ரத்தக்கசிவு, தினமும் டிரெஸ்ஸிங்னு ஆகும், "நிம்மதியா இருக்கட்டும்"னு சொன்னவங்க யாரும் அப்ப வந்து கட்டு மாத்த மாட்டாங்க. ஹார்ட் ரொம்ப வீக், படுத்த படுக்கைங்கிற நிலைமையில இருக்கிறவங்களுக்குத்தான் மாத்திரை மட்டும்னு நான் சொல்லுவேன்.

மார்பு ஆபரேஷன்ல வயித்தையோ நெஞ்சுக்கூட்டையோ திறக்கறது இல்ல, அதனால உடம்பு சீக்கிரம் தேறிடும். முழு மயக்கம் ஒத்துக்காதவங்களுக்கு சில சமயம் நரம்பை மரத்துப்போக வைக்கிற ஊசி போட்டே பண்ண முடியும்.

அம்மா தாங்குவாங்களானு வயசை வச்சு சொல்ல முடியாது. வீட்டுலயே ஒண்ணு பாருங்க: நாற்காலியில இருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகுது? 12 செகண்டுக்கு மேல போச்சுன்னா கீழே விழற ரிஸ்க் இருக்கு, அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க. தானா குளிக்கிறாங்களா, சமீபத்துல எடை குறைஞ்சிருக்கா, மறதி இருக்கா, இதெல்லாம் பிறந்த வருஷத்தைவிட முக்கியம்.

எதை குறைக்கலாம்னு கேட்டா, ரேடியேஷன். அமெரிக்காவுல 70 வயசு தாண்டின, ஆரம்ப ஸ்டேஜ்ல இருந்த 636 பேருக்கு கட்டியை மட்டும் எடுத்துட்டு, எல்லாருக்கும் டமாக்ஸிஃபென்ங்கிற ஹார்மோன் மாத்திரை குடுத்து, பாதிப்பேருக்கு மட்டும் ரேடியேஷனும் குடுத்தாங்க. 10 வருஷத்துல ரேடியேஷன் எடுத்தவங்கள்ல 98 சதவீதம் பேருக்கும், எடுக்காதவங்கள்ல 90 சதவீதம் பேருக்கும் அந்த இடத்துல திரும்ப வரல, ஆயுசு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அத்தனை வருஷத்துல இறந்த 334 பேர்ல மார்பக கேன்சரால போனது 21 பேர்தான், மத்தவங்க எல்லாம் வேற காரணத்தால. சுகர், பிபியை விட்டுட்டு கேன்சரை மட்டும் பார்க்காதீங்கனு நான் சொல்றது இதனாலதான்.

ரேடியேஷன் வேண்டாம்னா ஹார்மோன் மாத்திரையை விடவே கூடாது, தினமும் ஒண்ணு, 5 வருஷம். அக்குள்ல இருக்கிற நிணநீர் முடிச்சை எடுத்து டெஸ்ட் பண்றதும் இவங்களுக்கு கட்டாயமானு சர்ஜன்கிட்ட தைரியமா கேளுங்க, பல நேரம் தேவைப்படாது. கீமோவும் பெரும்பாலும் வேண்டியிருக்காது, ஆனா இதே ரிப்போர்ட்ல ஹெர்2 பாசிட்டிவ்னோ ஈஆர், பிஆர் (இன்னொரு ஹார்மோன் டெஸ்ட்), ஹெர்2 மூணும் நெகட்டிவ்னோ இருந்திருந்தா என் பதில் வேற.

ஹார்மோன் மாத்திரையில லெட்ரோஸோல்னா எலும்பு தேயும், காலையில விரல் மூட்டு பிடிச்சிக்கும், "மாத்திரை ஒத்துக்கல"னு பாதியில நிறுத்தறவங்க நிறைய. டெக்ஸா ஸ்கேன் (எலும்பு எவ்வளவு உறுதினு பார்க்கறது) எடுத்து கால்சியம், வைட்டமின் டி ஆரம்பிச்சிடுங்க, வலி தாங்கலைன்னா டாக்டர் வேற மாத்திரை மாத்தித் தருவார். டமாக்ஸிஃபென்ல ரத்தம் உறையற ரிஸ்க் இருக்கு, முன்னாடி காலில ரத்தக்கட்டு வந்திருந்தா சொல்லிடுங்க, மனசுக்கு சாப்பிடற சில மாத்திரைகளும் அதோட வேலையை கெடுக்கும்.

செலவுக்கு, 70 வயசு ஆனவங்களுக்கு வருமானம் பார்க்காம ஆயுஷ்மான் பாரத்ங்கிற மத்திய அரசு மருத்துவ காப்பீட்டுல வருஷம் 5 லட்சம் வரைக்கும் 2024-லிருந்து இருக்கு, உங்க ஆஸ்பத்திரி அதுல சேர்ந்திருக்கானு கேட்டுக்கோங்க.

அப்புறம் அம்மாகிட்ட மறைக்காதீங்க, முடிவுல அவங்க சொல்லும் இருக்கணும். அடுத்த விசிட்டுக்கு அவங்களையும் கூட்டிட்டு, சாப்பிடற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு போங்க.