துப்பறியும் கதை, திரில்லர் எழுத்தாளர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? புதிதாகப் படிக்க வருபவர் யாரிடமிருந்து தொடங்கலாம்?

ஒரே ஒரு பெயர்தான் சொல்லலாம் என்றால் ரூத் ரெண்டல். இரண்டாவது பெயருக்கு இடம் உண்டென்றால் கெய்கோ ஹிகாஷினோ. ஒருவர் இங்கிலாந்து, இன்னொருவர் ஜப்பான். எழுத்து நடையிலும் இருவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் இருவரும் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த நாவல்களில் ஒரு விஷயம் பொது. கொலை செய்தது யார் என்பதை நம்மிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

ரெண்டல் 1977-ல் எழுதிய 'எ ஜட்ஜ்மென்ட் இன் ஸ்டோன்' நாவலின் முதல் வாக்கியத்திலேயே எல்லாம் வந்துவிடும். கொன்றவள் யூனிஸ் பார்ச்மன் என்ற வீட்டு வேலைக்காரி. கொல்லப்பட்டது அவள் வேலை பார்த்த கவர்டேல் குடும்பம். காரணம், அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யார், யாரை, ஏன் என்று மூன்றையும் கொடுத்துவிட்ட பிறகு மீதி நாவலில் என்ன இருக்கும் என்று தோன்றும். இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாததற்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் நம்மால் நம்ப முடிவதில்லை. எங்கள் அப்பத்தாவுக்கும் படிக்கத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்பவரிடம் "தம்பி, இது எந்த ஊருக்குப் போகுது?" என்று கூச்சமே இல்லாமல் கேட்பார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒருத்தி அதை வாழ்நாள் ரகசியமாகக் கட்டிக் காப்பதே புதிதாக இருந்தது. யூனிஸ் இருக்கும் இடம் அப்படி. சுற்றியுள்ள எல்லோருக்கும் படிப்பது மூச்சு விடுவது போல. வீடு முழுக்கப் புத்தகங்கள். எழுதி வைத்துவிட்டுப் போகும் ஒரு துண்டுச் சீட்டுகூட அவளுக்கு ஆபத்து. அந்தக் குடும்பத்தார் கெட்டவர்களும் இல்லை. உதவி செய்ய நினைக்கிறார்கள். அந்த உதவிதான் அவளை மூலைக்குத் தள்ளுகிறது. சாகப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே அவர்கள் சிரித்துப் பேசுவதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசையும். எந்தத் திருப்பமும் எனக்கு அந்த உணர்வைக் கொடுத்ததில்லை.

ஹிகாஷினோ வேறு வழியில் இதைச் செய்கிறார். 2005-ல் வந்த 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' அவருக்கு ஜப்பானின் நவோகி விருதை வாங்கிக் கொடுத்த நாவல். முழுநேர எழுத்தாளராகும் முன் அவர் பொறியாளராக வேலை பார்த்தவர், அது கதைக் கட்டுமானத்தில் தெரியும். மதிய உணவுப் பெட்டி விற்கும் கடையில் வேலை செய்யும் யசுகோ, தன்னைத் தொந்தரவு செய்ய வந்த முன்னாள் கணவனை மகளோடு சேர்ந்து கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகிறாள். இது ஆரம்பத்திலேயே நம் கண் முன்னால் நடக்கிறது. பக்கத்து வீட்டில் இருக்கும் கணக்கு வாத்தியார் இஷிகாமி, அவளை மனதுக்குள் நேசிப்பவர், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்வருகிறார். அவரோடு கல்லூரியில் படித்த இயற்பியல் பேராசிரியர் யுகாவா போலீஸ் பக்கம் நின்று யோசிக்கிறார். இரண்டு மேதைகளின் மோதல், அதிலும் ஒருவரை ஒருவர் மதிக்கும் இரண்டு பேர். வடிவியல் கணக்கு போலத் தெரியும், ஆனால் உண்மையில் அது வேறு வகைக் கணக்கு, அப்படித்தான் பரீட்சைக் கேள்வி தயாரிப்பேன் என்று இஷிகாமி ஓரிடத்தில் சொல்வார். நாவலின் சாவியே அதுதான். நம் கையில் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார், நாம்தான் அதைக் கவனிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். எல்லாம் தெரிந்த கதையிலும் ஒரு பெரிய அதிர்ச்சி மிச்சம் இருக்கும். அதை நான் சொல்லப் போவதில்லை. அவருடைய 'மாலிஸ்' நாவலிலும் கொலையாளி சீக்கிரமே பிடிபடுகிறான், மீதி முழுக்க ஏன் செய்தான் என்பதைத் தோண்டுவதுதான். எனக்கு அது இன்னும் ஒரு படி மேல்.

முதலிலேயே குற்றவாளியைக் காட்டும் முறை இவர்கள் கண்டுபிடித்ததில்லை. ஆஸ்டின் ஃப்ரீமன் என்பவர் 1912-லேயே 'தி சிங்கிங் போன்' தொகுப்பில் முதல் பாதியில் குற்றம், இரண்டாம் பாதியில் துப்பறிதல் என்று எழுதிப் பார்த்துவிட்டார். ரெண்டலும் ஹிகாஷினோவும் அதில் மனிதர்களை நிரப்பினார்கள்.

திரில்லர் என்றால் ஃபிரெட்ரிக் ஃபோர்சைத். 1971-ல் வந்த 'தி டே ஆஃப் தி ஜக்கால்' நாவலில் பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்ல ஒரு வாடகைக் கொலையாளி வருகிறான். டி கோல் 1970-ல் தன் வீட்டில் இயற்கையாக இறந்தவர். கொலையாளி தோற்பான் என்பது வரலாற்றுப் பாடம் படித்த எல்லோருக்கும் தெரியும். இருந்தும் கடைசிப் பக்கம் வரை புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. இறந்துபோன குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வைத்துப் பாஸ்போர்ட் எடுப்பது, பிரித்துப் பூட்டக்கூடிய துப்பாக்கியைச் சொல்லிச் செய்து வாங்குவது என்று ஒவ்வொரு வேலையையும் ஒரு கைத்தொழில் மாதிரி விவரிப்பார். பாரிஸில் நிருபராக வேலை பார்த்த அனுபவம் வரிக்கு வரி உதவியிருக்கிறது. பிறகு அவர் எழுதிய எதுவும் எனக்கு அந்த அளவுக்குப் பிடிக்கவில்லை.

அகதா கிறிஸ்டி எங்கே என்று கேட்பீர்கள். நான் சின்ன வயதில் புத்தகம் எடுத்த வாடகை நூலகத்தில் யாரோ ஒருவருக்கு ஒரு பழக்கம். கிறிஸ்டி நாவல்களில் கொலையாளியின் பெயர் முதன்முதலில் வரும் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுவிடுவார். அப்போது அழுகையே வந்தது. ஆனால் கையில் வேறு புத்தகம் இல்லாததால் அப்படியே படித்தேன். சில நாவல்கள் அந்த வட்டத்தோடு செத்துப் போயின. சில தாக்குப் பிடித்தன. 1942-ல் வந்த 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' அப்படித் தாக்குப் பிடித்தது மட்டுமல்ல, பதில் தெரிந்து படித்ததால்தான் அதன் அருமையே எனக்குப் புரிந்தது. பதினாறு வருஷத்துக்கு முன் ஓர் ஓவியர் விஷத்தால் இறந்தார். குற்றவாளி என்று தீர்ப்பான மனைவி சிறையில் இறந்துவிட்டார். இப்போது மகள் வந்து துப்பறிவாளர் பொய்ரோவிடம் உண்மையைக் கேட்கிறாள். அன்று அங்கிருந்த ஐந்து பேரும் அந்த ஒரே நாளைத் தனித்தனியாக எழுதிக் கொடுக்கிறார்கள். கொலையாளி யார் என்று தெரிந்துகொண்டு அந்த ஆளின் வாக்குமூலத்தைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு அர்த்தம் இருக்கும், இரண்டும் பொருந்தும். கிறிஸ்டி வெறும் புதிர் போடுபவர் என்று சொல்பவர்களோடு இந்த ஒரு நாவலை வைத்தே சண்டை போடுவேன். முதல் உலகப் போர்க் காலத்தில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்தவர் என்பதால் விஷங்களைப் பற்றி அவர் எழுதுவது எப்போதும் கச்சிதம்.

பட்ரீஷியா ஹைஸ்மித்தை மதிக்கிறேன், ஆனால் அடிக்கடி படிக்க முடிவதில்லை. அவருடைய நாவல்களில் வரும் கொலைகாரன் ரிப்ளி தப்பிக்க வேண்டும் என்று நானே வேண்டிக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுபோய் விடுகிறார். அது மனதுக்குச் சிரமம்.

தமிழில் என் முதல் பெயர் சுஜாதா. 'கொலையுதிர் காலம்' பேயா, விஞ்ஞானமா என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை விடாது. அவருடைய வக்கீல்கள் கணேஷும் வசந்தும் பேசிக்கொள்வதற்காகவே அவரைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். ஆனால் அவருடைய பல தொடர்கதைகளில் முடிவு மட்டும் அவசரமாக வந்து விழுந்த மாதிரி எனக்குத் தோன்றும். ராஜேஷ்குமார் பற்றி ஒரு வார்த்தை. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் எழுதியவர் என்பதால் அலட்சியமாகப் பேசுகிறார்கள், அது தவறு. சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகளை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போய் ஓரிடத்தில் முடிச்சுப் போடுவார். எங்கே சேரும், எப்படிச் சேரும் என்ற அந்தப் பதைப்பு அவருடைய சொந்தச் சொத்து. பெட்டிக்கடையில் தொங்கிய அந்தப் பாக்கெட் நாவல்களில்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர் படிக்கவே தொடங்கினார்கள்.

எனக்கு ஒவ்வாதது, கடைசி ஐந்து பக்கத் திருப்பத்துக்காகவே எழுதப்படும் இப்போதைய திரில்லர்கள். அந்த ட்விஸ்ட்டைக் காப்பாற்றுவதற்காக முந்நூறு பக்கம் ஒரு கதாபாத்திரம் தன் மனதில் இருப்பதை நம்மிடம் மறைத்துக்கொண்டே பேசும். அது ஏமாற்று. கிறிஸ்டி பெரும்பாலும் அப்படிச் செய்ய மாட்டார், துப்பை மேசைமேல் வைத்துவிட்டு நம்மை வேறு பக்கம் பார்க்க வைப்பார்.

சரி, எங்கே தொடங்குவது? ஆங்கிலம் சரளமாக வருமென்றால் 'சஸ்பெக்ட் எக்ஸ்' ஆங்கில மொழிபெயர்ப்பை எடுங்கள். எளிய மொழி, இரண்டு இரவில் முடிந்துவிடும். அப்புறம் 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்'. அது முடிந்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பி இன்னொரு தடவை படியுங்கள். ரெண்டலை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரியில் வேண்டாம், பகலில் படியுங்கள். தமிழில்தான் வேண்டும் என்றால் 'கொலையுதிர் காலம்', கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.