பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்கும் வெளிநாடு போகலாம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் மல்லாவியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 62. என் அம்மாவின் தகப்பனார் வெள்ளைக்காரர் காலத்தில் மலாயா புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து, சிங்கப்பூரில் பல வருடங்கள் கழித்தவர். அவர் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த ஊரை ஒருமுறை என் கண்ணால் பார்க்கவேண்டும் என்பது சிறுவயது ஆசை. யுத்தம், இடப்பெயர்வு, பிள்ளைகளின் படிப்பு, கணவரின் நோய் என்று காலம் போய்விட்டது. இப்போது கையில் ஓரளவு சேமிப்பு இருக்கிறது. ஆனால் டொரன்டோவில் இருக்கும் மகன், “எங்களிடம் வாங்கோ, தனியச் சிங்கப்பூரில் உங்களுக்கு என்ன வேலை?” என்கிறார். உறவினர்களும் சிரிக்கிறார்கள். நான் தனியே போய் வரலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அம்மா, தாராளமாகப் போய் வாருங்கள். வன்னியிலிருந்து வெளிநாடு போனவர்களில் பெரும்பாலோர் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளவோ, கடனை அடைக்க உழைக்கவோ, பிள்ளைகளுடன் சேரவோ போனவர்கள். மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போகும் தாயையோ, வளைகுடா நாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணையோ அங்கே உனக்கு என்ன வேலை என்று எவரும் கேட்பதில்லை, ஏனெனில் அவர்கள் இன்னொருவருக்காகப் போகிறார்கள். தன் விருப்பத்துக்காக, தன் காசில், பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்கென்று ஒரு பெண் புறப்படும்போதுதான் ஊருக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்.

மகனுடைய மறுப்பை மட்டும் வேறாகப் பாருங்கள். யுத்தம் முடிந்த 2009 இல் பெற்றோரின் செய்தி தெரியாமல் வெளிநாட்டில் தவித்துக்கிடந்த பிள்ளைகள் பலர். தாயின் தொலைபேசி ஒரு நாள் பேசாவிட்டாலே அவர்களுக்கு நெஞ்சு பதறும். ஆகவே அவரோடு வாதாடாமல், விமான இலக்கத்தையும் தங்குமிடத்தின் முகவரியையும் முதலிலேயே அனுப்பிவிட்டு, தினமும் பேசுவதற்கு ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடை காலத்தில் சிங்கப்பூரின் இரவு எட்டு மணி, டொரன்டோவின் காலை எட்டு மணியாக இருக்கும். இருவருக்கும் வசதியான நேரம் அது.

கடவுச்சீட்டுக்காக நீங்கள் பத்தரமுல்லை வரை அலையவேண்டியதில்லை, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது. படத்தை அத்திணைக்களம் அங்கீகரித்த படப்பிடிப்பு நிலையத்திலேயே எடுக்கவேண்டும். நம் பெண்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் தருவது பெயர்தான்: பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயருடனும், அடையாள அட்டையில் கணவன் பெயருடனும், வங்கிப் புத்தகத்தில் வேறோர் எழுத்துக்கூட்டலுடனும் இருக்கும். விண்ணப்பிக்கும் முன்னரே இவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னர் விமானச்சீட்டு எடுக்கும்போது, கடவுச்சீட்டில் உள்ள பெயரை ஓர் எழுத்தும் மாறாமல் கொடுங்கள்.

இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் குறுகிய காலச் சுற்றுலாவுக்குச் சிங்கப்பூர் போவதற்கு முன்கூட்டியே விசா எடுக்கவேண்டியதில்லை என்பது உங்களுக்கு வாய்ப்பான விடயம். கடவுச்சீட்டு குறைந்தது 6 மாதங்களுக்குச் செல்லுபடியாக இருக்கவேண்டும். அங்கே இறங்குவதற்கு முந்திய 3 நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பவேண்டும். சிங்கப்பூர் அரசின் தளத்தில் அது இலவசம், காசு கேட்கும் தளங்கள் அரசுக்குரியவை அல்ல. குடிவரவு அதிகாரி கேட்டால் காட்டுவதற்குத் திரும்பும் விமானச்சீட்டையும், தங்குமிடப் பதிவையும், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்றையும் தாளில் அச்சிட்டுக் கைப்பையில் வைத்திருங்கள். மருந்துகளை அவற்றின் பெட்டியுடனும் வைத்தியரின் துண்டுடனும் கொண்டுபோங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், மெல்லும் புகையிலை அங்கே தடைசெய்யப்பட்டது. தெரிந்தவரோ தெரியாதவரோ, “இதை அங்கை ஒருத்தரிட்டைக் குடுத்துவிடுங்கோ” என்று நீட்டும் எந்தப் பொதியையும் வாங்கவேண்டாம். போதைப்பொருளுக்கு மரணதண்டனை விதிக்கும் நாடு அது. இந்த ஒரு விடயத்தில் தாட்சண்யம் பார்க்கவே கூடாது.

மாங்குளத்தில் பேருந்து ஏறி, வவுனியா, அநுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு வழியாக வந்தால் கொழும்புக்குள் நுழையாமலே கட்டுநாயக்கா விமான நிலையத்தை அடையலாம். விமானப் பயணம் ஏறத்தாழ 4 மணித்தியாலம். சாங்கி விமான நிலையத்திலிருந்து புகையிரதத்தில் எக்ஸ்போ நிலையத்துக்கு வந்து, அங்கே நீல நிறப் பாதைக்கு மாறினால், லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கலாம். அதையொட்டிய சிராங்கூன் வீதிப் பகுதியில் தங்குவதே முதல் பயணத்துக்கு நல்லது. வழி தவறினாலும் தமிழிலேயே விசாரிக்கலாம், வீரமாகாளியம்மன் கோயிலும் பக்கத்தில் இருக்கிறது. அந்த நாட்டின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் தமிழும் ஒன்று என்பதால், நிலையங்களில் உங்கள் மொழியிலேயே அறிவிப்பைக் கேட்பீர்கள்.

ஆனால் நீங்கள் போவது கடைத்தெரு பார்க்க அல்லவே. உங்கள் தாத்தா நடமாடிய இடங்களில் சில இன்னும் எஞ்சியிருக்கின்றன. தஞ்சோங் பகார் புகையிரத நிலையம் 1932 இல் திறக்கப்பட்டு, 2011 இல் சேவை நிறுத்தப்பட்டபின் தேசிய நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது; முகப்பில் நான்கு பெரிய சிலைகள் நிற்கும். உள்ளே போக அனுமதி இருக்கிறதா என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். அதைவிட, அதே நீலப் பாதையில் கிங் அல்பேர்ட் பார்க் நிலையத்தில் இறங்கினால், பழைய புக்கித் தீமா நிலையத்துக்குச் சிறிது தூரமே நடக்கவேண்டும். செங்கல்லால் கட்டிய அந்தச் சிறிய நிலையத்தைத் திருத்தி, எதிரே ஒரு துண்டுத் தண்டவாளத்தையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அக்காலத்து இருப்புப்பாதையின் பெரும்பகுதி இப்போது நீண்ட நடைபாதை. நம்முடைய தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குப் போய்விட, யாழ்தேவிப் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சிக்கு வருவதற்கு 2013 வரை காத்திருந்தவர்கள் நாம். அந்த இடத்தில் நிற்கும்போது உங்களுக்கு என்ன தோன்றும் என்பதை எனக்கு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். சிலோன் வீதியிலுள்ள செண்பக விநாயகர் கோயிலுக்கும் ஒருநாள் ஒதுக்குங்கள். இலங்கைத் தமிழர் வளர்த்த கோயில் அது. தாத்தாவும் அங்கே கும்பிட்டிருக்கக்கூடும்.

நான்கைந்து நாள் போதும். கனடாப் பயணத்தை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கும் தனியே ஒரு பயணம் போக ஆசை. ஆனால் 2009 இல் முள்ளிவாய்க்காலில் எல்லா ஆவணங்களும் போய்விட்டன. பிறப்புச் சான்றிதழ்கூட இல்லை. கடவுச்சீட்டு எடுக்க முடியுமா?
– வாசகி, விசுவமடு

பதில்: முடியும், சகோதரி. உங்கள் கையிலிருந்த பிரதி போனாலும், பிறப்பைப் பதிந்த பதிவேடு வேறிடத்தில் இருக்கும். பிறந்த இடம், திகதி, பெற்றோரின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு உங்கள் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போய்ப் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பதிவே இல்லையென்று தெரியவந்தால் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். அதற்குப் பாடசாலை அனுமதிப் பதிவும், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் உதவும். அது கிடைத்தபின் அடையாள அட்டை, அதன்பின் கடவுச்சீட்டு என்று வரிசையாகப் போகவேண்டியிருப்பதால், பயணத் திகதியைக் குறிப்பதற்கு முன்னரே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். விரைவாக எடுத்துத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகரிடம் காசு கொடுக்கவேண்டாம்.