கூட்டம் கூடினால் தேர்தல் முடிவு மாறுமா?

கேள்வி: தேர்தலில் தில்லுமுல்லு நடந்துவிட்டது என்று ஜனங்கள் ரோட்டில் போய் உட்கார்ந்தால் முடிவு மாறிவிடுமா அய்யா? எங்கேயாவது மாறியிருக்கிறதா? (குளச்சல் வாசகி)

பதில்: மாறியிருக்கிறது. உக்ரைனில் 2004 நவம்பர் 21-ல் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்று நடந்து, யானுகோவிச் ஜெயித்தார் என்று தேர்தல் ஆணையம் அறிவித்தது. எதிர்த்து நின்ற யுஷ்செங்கோவின் ஆட்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆரஞ்சுத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கீவ் நகரத்து மைதான் சதுக்கத்தில் லட்சக்கணக்கில் கூடி, கொட்டுகிற பனியில் கூடாரம் அடித்து அங்கேயே கிடந்தார்கள் (மார்கழிக் குளிருக்கே மப்ளர் தேடுகிற நமக்கு இது முடியுமா, தெரியவில்லை). டிசம்பர் 3-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றையே ரத்து செய்தது. 26-ம் தேதி மறுபடியும் ஓட்டுப் போட்டார்கள், யுஷ்செங்கோ சுமார் 52 சதவீதம் வாங்கினார்.

எனக்கு இதில் பிடித்தது கூட்டத்தைவிட நத்தாலியா திமித்ருக். அரசு டிவியில் சைகை மொழியில் செய்தி சொல்கிறவர். பக்கத்தில் அறிவிப்பாளர் முடிவை வாசித்துக்கொண்டிருக்க, இவர் பாட்டுக்கு, இது பொய், நம்பாதீர்கள் என்று காது கேளாதவர்களுக்குக் கையாலேயே சொல்லிவிட்டார்.

கேள்வி: ராணுவம் சும்மா விடுமா? டாங்கி வந்தால் ஓட வேண்டியதுதானே? (நித்திரவிளை வாசகர்)

பதில்: 1986 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸில் டாங்கி வந்தது, ஜனங்கள் ஓடவில்லை. அதிபர் மார்கோஸுக்கும் அவரை எதிர்த்து நின்ற கொரசோன் அக்கினோவுக்கும் நடந்த தேர்தல் அது. ஓட்டுக் கணக்கைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த 30-க்கும் மேற்பட்டவர்கள், நாங்கள் ஏற்றுகிற எண் வேறு, பலகையில் காட்டுகிற எண் வேறு என்று எழுந்து வெளியே போய்விட்டார்கள். பிறகு பாதுகாப்பு அமைச்சரே அரசை விட்டு விலகி ராணுவ முகாமுக்குள் அடைந்துகொள்ள, அவரைக் காப்பாற்றச் சொல்லி கர்தினால் சின் வேரித்தாஸ் வானொலியில் ஜனங்களைக் கூப்பிட்டார். ஆமாம், வேரித்தாஸ்தான், நம் கடற்கரை வீடுகளில் மணிலாவிலிருந்து தமிழிலும் கேட்டோமே, அதே பெயர். முகாம் இருந்த எட்சா சாலையில் கன்னியாஸ்திரீகள் ஜெபமாலையோடு டாங்கிக்கு முன்னால் முழங்காலிட்டார்கள். டாங்கி நின்றது. 25-ம் தேதி இரவு மார்கோஸ் குடும்பத்தோடு கிளம்பி, ஹவாய் போய்ச் சேர்ந்தார்.

கேள்வி: அப்படியானால் அமைதியாகப் போராடினால் ஜெயம் நிச்சயம் என்கிறீர்கள்? (தக்கலை வாசகர்)

பதில்: அப்படிச் சொன்னால் பொய். ஈரானில் 2009-ல் "என் ஓட்டு எங்கே?" என்று கேட்டு வந்தவர்களுக்கு அடியும் சிறையும்தான் கிடைத்தன. பெலாரஸில் 2020 ஆகஸ்டில் அதிபர் லுகாஷென்கோ 80 சதவீதம் வாங்கியதாக அறிவித்தார்கள், பெண்கள் வெள்ளை உடுத்திப் பூவோடு வரிசையில் நின்றார்கள், ஆயிரக்கணக்கில் பிடித்து உள்ளே போட்டார்கள். ஆள் இறங்கவில்லை. வெளியே எத்தனை பேர் நின்றாலும், உள்ளே இருக்கிற நீதிபதியோ சிப்பாயோ கணக்கு எழுதுகிறவரோ போதுமான பேர் முடியாது என்று சொல்லாவிட்டால் கஷ்டம். உக்ரைனிலும் அதே யானுகோவிச் 2010 தேர்தலில் ஒழுங்காக ஜெயித்துத் திரும்பி வந்தார், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: நம்ம ஊரில் சந்தேகம் வந்தால் ரோட்டுக்கா, கோர்ட்டுக்கா? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: ரோட்டில் உட்கார நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், ஒக்கி புயலுக்குப் பிறகு 2017 டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்திலேயே உட்கார்ந்தவர்கள் நாம். ஆனால் இங்கே தேர்தல் முடிவை ரத்து செய்யச் சட்டம் சொல்லும் வழி உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு, அதற்கு முடிவு வந்த நாளிலிருந்து 45 நாள்தான் அவகாசம். மனுவில் கையில் பிடித்துக் காட்ட ஏதாவது வேண்டுமே. ஓட்டுப்பதிவு முடிந்ததும் அந்த பூத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று 17சி படிவத்தில் எழுதி, கையெழுத்துப் போட்ட நகலை பூத் ஏஜெண்டுகளுக்குக் கொடுக்க வேண்டும். எண்ணும் நாளில் இயந்திரம் காட்டுகிற மொத்தத்தை அதோடுதான் ஒத்துப்பார்ப்பார்கள். நான் பார்த்த ஏஜெண்டு பையன்கள் சிலர், மத்தியானம் பிரியாணிப் பொட்டலத்தை மறக்காமல் வாங்கிவிட்டு, சாயங்காலம் இந்தத் தாளை வாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.